பரிமாறுகிற பக்கம்

நாற்பது இட்லி வேண்டும் என்று பக்கத்து வீட்டு அனுபமா வந்து நின்றபோது, யாருக்குக் கல்யாணம் என்றுதான் விஜயகுமாரி கேட்டாள். கல்யாணம் இல்லை, போட்டோ எடுக்க என்றாள் அனுபமா. தெலுங்குப் பெண். ஓட்டல் படிப்பு படித்துவிட்டு, சைனிக்புரியில் ஒரு ஸ்டுடியோவில் சாப்பாட்டை அலங்கரித்துப் படத்துக்குத் தயார் செய்யும் வேலையில் இருந்தாள். படத்தில் எத்தனை இட்லி வரும் என்று கேட்டதற்கு, "ரெண்டு, ஆன்ட்டி" என்றாள்.

ரெண்டு இட்லிக்கு நாற்பது எதற்கு? அரிசி ஊறப்போடும்போதும் அந்தக் கேள்வி விஜயகுமாரியை அரித்தது, மாவு ஆட்டும்போதும் அரித்தது. மூன்றாம் நாள் காலை அனுபமா இட்லிப் பாத்திரத்தை வாங்க வந்தபோது இவள் புடவை மாற்றி, தலை வாரி, செருப்பு மாட்டி நின்றாள். "இட்லியைத் தனியா அனுப்ப முடியாதும்மா, குலுங்கும். நானும் வரேன்" என்றாள். இட்லி குலுங்கினால் என்ன ஆகிவிடும் என்று அனுபமா கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அது 2005. விஜயகுமாரிக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. மேற்கு மாரெட்பள்ளியில் சொந்த வீடு. வெள்ளைக்காரன் காலத்தில் பட்டாளத்துக் குமாஸ்தாவாக வேலூரிலிருந்து செகந்திராபாத்துக்கு வந்தவரின் வம்சத்தில் வாழ்க்கைப்பட்டவள். பிறந்த வீடும் அதே மாதிரி வந்து தங்கிய குடும்பம்தான். கணவர் ஜெகதீஸ்வரன் பாங்கில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, பேப்பரைத் தலைப்பிலிருந்து டெண்டர் அறிவிப்பு வரை படிப்பதை வேலையாக வைத்திருந்தார். ஒரே மகன் மாதாப்பூரில் சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்து, கம்பெனிக்குப் பக்கத்திலேயே வீடும் பார்த்துக்கொண்டு போய்விட்டான். ஆக, பகல் முழுக்க வீட்டில் இரண்டு பேரும் ஒரு செய்தித்தாளும்தான்.

அவளுடைய குணம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சினிமாவுக்குப் போனால் ஊரே கதாநாயகிக்காக அழும். இவள் அந்த மழை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, குழாய் எங்கே இருக்கும் என்று பார்ப்பாள். புரோகிதர் மந்திரம் சொன்னால் அர்த்தம் கேட்பாள். கேஸ் ரிப்பேர்காரன் வந்தால் அவன் போகும்வரை தலைக்கு மேலே நிற்பாள். "உனக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று ஜெகதீஸ்வரன் கேட்டுக் கேட்டு வாய் வலித்து விட்டுவிட்டார்.

சைனிக்புரி ஸ்டுடியோ என்பது ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவர் வீட்டின் கார் ஷெட். அதை வாடகைக்கு எடுத்திருந்தவன் இர்பான். முப்பத்து நாலு வயது, ஒல்லி, பேச்சு குறைவு. முன்பு கல்யாணங்களுக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தவன். சாஃப்ட்வேர் புண்ணியத்தில் ஊரில் தெருவுக்கு நாலு ஓட்டல் முளைக்க, ஒவ்வொரு ஓட்டலுக்கும் படம் போட்ட மெனு அட்டை வேண்டியிருக்க, பிழைப்பைச் சாப்பாட்டுக்கு மாற்றிக்கொண்டான். அவனுக்குத் தமிழ் வராது. ஆனால் அவன் பேசும் ஹைதராபாத் உருது விஜயகுமாரிக்குப் பால் வாங்கி, காய் வாங்கி, சண்டை போட்டுப் பழகிய பாஷை.

நாற்பது இட்லியையும் வரிசையாக அடுக்கச் சொல்லி, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் மாதிரி அவன் குனிந்து குனிந்து பார்த்தான். ஒன்றுக்கு முகத்தில் குழி. ஒன்றுக்குத் துணித் தடம் கோணல். ஒன்று ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அரை மணி நேரத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, "யே ஹீரோ" என்றான். பின்னால் மங்கலாகத் தெரிவதற்கு இன்னொன்று. விளக்கெல்லாம் சரிசெய்யும்வரை ஹீரோ ஈரத்துணிக்குள் ஓய்வெடுக்க, அவன் இடத்தில் ஒரு டூப்பு இட்லி வெயில் காய்ந்தது. விஜயகுமாரி மூக்கின் மேல் விரலை வைத்தாள்.

அதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. சாம்பார்க் கிண்ணத்துக்குள் ஒரு குட்டிக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தாள் அனுபமா; முருங்கைக்காயும் வெங்காயமும் முழுகாமல் மேலே நிற்பதற்கு. இட்லிக்குத் தூரிகையால் எண்ணெயும், மினுமினுப்புக்குக் கிளிசரினும் பூசினாள். சட்னியிலிருந்து கசிந்த தண்ணீரை மை ஒற்றும் தாளால் ஒற்றினாள். நனைத்த பஞ்சு உருண்டைகளை மைக்ரோவேவில் கொதிக்க விட்டு, தட்டுக்குப் பின்னால் ஒளித்தாள். ஆவி இட்லியிலிருந்து வருவதுபோலவே எழும்பியது. மூன்று மணி நேரம். தரை முழுக்கத் தாளும் பல்குச்சியும் சட்னிச் சொட்டும். கடைசியில் எல்லாவற்றையும் வழித்துக் குப்பைக் கூடையில் போட்டார்கள். எண்ணெயும் கிளிசரினும் பட்டது, நாய்க்குக்கூடப் போடக் கூடாதாம். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பார்கள். இங்கே சட்டி காலி, அகப்பை மட்டும் வழிந்துகொண்டிருந்தது.

வேறு யாராவது என்றால் பாவம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு போயிருப்பார்கள். விஜயகுமாரிக்கும் சோறு குப்பைக்குப் போனது நெஞ்சை உறுத்தியது, நிஜம். ஆனால் கம்ப்யூட்டர் திரையில் அந்த இட்லியைப் பார்த்ததும் உறுத்தல் போய்க் கேள்வி வந்துவிட்டது. கல்யாண போட்டோக்காரர்கள் வெளிச்சத்தைப் பார்த்து நில்லுங்கள் என்பார்கள். இவன் விளக்கை இட்லிக்குப் பின்னால் வைத்திருக்கிறானே, எதற்கு, ஊர் உருதுவில் சொன்னால் கைக்கு?

"வெளிச்சம் ஏன் பின்னாடியிருந்து வருது?" என்று கேட்டாள்.

இர்பான் முதல்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தான். விளக்கை முன்பக்கம் நகர்த்தி ஒரு படம் எடுத்தான். இட்லி சுண்ணாம்புக்கட்டி மாதிரி தட்டையாக இருந்தது. பழையபடி பின்னால் வைத்து இன்னொன்று எடுத்தான். ஒவ்வொரு துவாரமும் தெரிந்தது, ஓரத்தில் ஈரம் மினுங்கியது. "தேகோ" என்றான். பாருங்கள் என்று அர்த்தம். அடுத்த இரண்டு வருஷத்தில் அவன் அவளுக்குச் சொன்ன பாடமெல்லாம் அந்த ஒரு வார்த்தைதான்.

அவள் பார்த்தாள். தமிழ்ச் சமையல் எது வந்தாலும் அனுபமா அவளைக் கூப்பிட்டாள். கூப்பிடாத நாளிலும் ஏதோ ஒரு டப்பாவைத் திருப்பித் தருகிற சாக்கில் அவளே போனாள். தோசைக்குள் தெர்மோகோல் உருளையை வைத்துச் சுருட்டுவதையும், பிரியாணியில் ஒவ்வொரு சோறாக இடுக்கியால் நிறுத்துவதையும் பார்த்தாள். ஐஸ்கிரீம் என்று மசித்த உருளைக்கிழங்கு வந்து உட்கார்ந்தது. வீட்டுக்கு வந்து ஜன்னலோரம் ஸ்டூலைப் போட்டு, டிவி வந்த பெட்டியின் தெர்மோகோல் அட்டையை நிறுத்தி, மகன் விட்டுப்போன சின்ன கேமராவால் அத்தனையையும் தானே செய்து பார்த்தாள். ஆவி ஏன் சில நாள் படத்தில் விழுகிறது, சில நாள் விழவில்லை என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டாள். பின்னால் இருட்டாக ஏதாவது இருந்தால்தான் ஆவி தெரியும் என்று ஜெகதீஸ்வரனின் கறுப்புக் குடையை விரித்து வைத்தபோது பிடிபட்டது. அன்று அவருக்குக் கிடைத்த காபி பச்சைத் தண்ணீர் போல ஆறியிருந்தது. "காபியைப் படம் பிடிச்சாச்சுன்னா குடிக்கலாமா?" என்று கேட்டார். "நக்கோ, இன்னும் ஒண்ணு" என்றாள். நக்கோ என்றால் அந்த ஊரில் வேண்டாம்.

ஒரே ஒரு குறை. இர்பான் கேமராவை யாரும் தொட விடமாட்டான். அனுபமாகூடத் தொட முடியாது. எடுத்த படம் கம்பி வழியாகக் கம்ப்யூட்டர் திரைக்கு வரும். எல்லோரும் அங்கே பார்க்கலாம். கேமராவின் கண்ணாடிக்குள் கண்ணை வைத்து, அவன் பார்ப்பதை ஒரு தரம் பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஒருநாள் வாய்விட்டே கேட்டாள். "நக்கோ ஆன்ட்டி" என்றான், சிரித்துக்கொண்டுதான். ஆனால் அந்த நக்கோவில் விட்டுக்கொடுக்கும் சுருதியே இல்லை. அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை. இந்த இடத்துக்கு வரவே கூடாது என்று சொல்லிவிடுவானோ என்று பயம். சமையல் செய்ய அவளுக்கு ஊரில் ஆயிரம் அடுப்பு உண்டு. இப்படிப் பார்த்துப் பார்த்து ஒன்றைத் தெரிந்துகொள்ள வேறு இடம் கிடையாது.

2007 ஆவணியில் பெரிய வேலை ஒன்று வந்தது. செகந்திராபாத் தமிழர் வீட்டுக் கல்யாணங்களுக்குச் சமைக்கும் சீதாராமன் சொந்தமாகக் கல்யாண மண்டபம் கட்டி முடித்திருந்தார். திறப்பு விழாவுக்குத் தெருமுனையில் பெரிய பலகை வைக்க வேண்டும். அதில் தலைவாழை இலையில் கல்யாணச் சாப்பாடு, சாதத்தில் நெய் ஊற்றும் கை. இதற்கு அனுபமாவின் படிப்பு உதவாது. "இலை முழுக்க ஆன்ட்டி பொறுப்பு" என்று இர்பானே சொன்னான்.

விஜயகுமாரிக்குத் தலைகால் புரியவில்லை. மேஜை எப்போதும்போல் பின்சுவரை ஒட்டிப் போட்டிருந்தது, சுவரோரம் குத்துவிளக்கு. கேமரா இருக்கும் பக்கத்திலிருந்துதான் எட்டி வேலை செய்ய முடியும். அவள் அங்கே நின்று இலையை விரித்தாள். உப்பு, ஊறுகாய், இனிப்பு, பச்சடி, பொரியல், கூட்டு என்று கை தானாகப் போயிற்று. முப்பது வருஷமாக உறவுக்காரக் கல்யாணம் ஒவ்வொன்றிலும் பந்தி பரிமாறிய கை. பூசணிக்கூட்டுக்கு அடியில் தாள் வைத்துத் தூக்கிவிட்டாள், அப்பளத்தைப் பல்குச்சியில் நிறுத்தினாள். அவளுடைய வளையல் கையே நெய் ஊற்றியது. சீதாராமன் திரையைப் பார்த்து, "பேஷ்! இலைன்னா இதுதான் இலை!" என்றார். பதினெட்டு வயதிலிருந்து பரிமாறுகிறவர்; அவர் சொன்னால் அப்பீல் கிடையாது. இர்பான் அந்தப் படத்தைப் பெரிய தாளில் அச்சடித்து, "ஆப்கா", உங்களுடையது, என்று அவளிடம் கொடுத்தான்.

சாயங்காலம் அதைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டு அவள் கைகால் அலம்பப் போனாள். ஜெகதீஸ்வரன் வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். தாளைப் பார்த்தார்.

"யாருக்குக் காரியம்?" என்று கேட்டார்.

"வாயைக் கழுவுங்க. கல்யாண மண்டபத்துக்கு எடுத்தது."

"இலை நுனி வலது கைப் பக்கம் இருக்கே. நம்ம வீட்டில கருமாதிக்குத்தானே இப்படிப் போடுவோம்? சாதம் வேற அந்தாண்ட இருக்கு. பொரியலைத் தாண்டிக் கை நீட்டணுமா நான்?"

அவள் மேஜைக்கு வந்து, எப்போதும் பரிமாற நிற்கும் இடத்தில் நின்று, தாளைத் தன் பக்கமாகத் திருப்பிப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அவரை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்து, அதே தாளை எதிரில் வைத்துக்கொண்டாள். இலை நுனி சாப்பிடுகிறவரின் இடது கைப் பக்கம் இருக்க வேண்டும், சாதம் அவருக்கு நேரே. இது அவளுக்குத் தெரியாதா? பத்து வயதில் தெரியும். ஆனால் அவளுக்குத் தெரிந்த இலை, எதிரில் நின்று பரிமாறுகிறவளுக்குத் தெரியும் இலை. அதில் நுனி வலது பக்கம்தான் வரும், சாதம் அந்தாண்டதான் இருக்கும். கேமரா அவளுக்குப் பின்னால் நின்றது, அவள் பார்த்ததையே பார்த்தது. சீதாராமனும் ஆயுசு முழுக்க அந்தப் பக்கமே நின்றவர். யானைக்கும் அடி சறுக்கும். இங்கே இரண்டு யானைகள் ஒரே சேற்றில் சறுக்கியிருந்தன. சமையலில் உப்பு எது சர்க்கரை எது என்று தெரியாத மனிதர், இலைக்கு முன்னால் உட்கார மட்டுமே தெரிந்தவர், ஒரே நொடியில் கண்டுபிடித்துவிட்டார்.

அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பேசாமல் இருந்துவிடலாமா என்றுகூட நினைத்தாள். சீதாராமனே சரி என்று சொன்ன படம். ஆனால் அந்த மண்டபத்துக்கு வருகிறவர்கள் அத்தனை பேரும் தமிழர்கள். பெண்ணுக்குக் கல்யாணம் பேச வருகிற தகப்பன் வாசலில் கருமாதி இலையைப் பார்த்தால் உள்ளே வருவானா? பேர் கெடுவது இர்பானுக்கு. சொன்னாலோ, எதற்காக அவளை அங்கே நிற்க விட்டார்களோ அந்த ஒன்றிலேயே தவறு செய்தவள் என்று ஆகிவிடும். அப்புறம் எந்த முகத்தோடு அங்கே போய் நிற்பது? நினைக்கவே அழுகையாக வந்தது.

காலையில் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துப் போன் செய்தாள். இர்பான் கிடைக்கவில்லை. பட்டான்செருவில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் அவனுக்கு அன்று வேலை. உள்ளே போகிறவர்கள் போனை வாசலிலேயே ஒப்படைத்துவிட வேண்டும், சாயங்காலம்தான் திரும்பக் கிடைக்கும். பலகை அச்சடிக்கிறவரோ பத்து மணிக்கு ஆரம்பிக்கிறார். ஸ்டுடியோச் சாவி அனுபமாவிடம் இருந்தது. இரண்டு பேரும் ஓடினார்கள்.

"இவ்வளவுதானா ஆன்ட்டி? படத்தைக் கம்ப்யூட்டர்ல அப்படியே இடவலமா திருப்பிட்டா போச்சு" என்று அனுபமா ஒரு பொத்தானைத் தட்டினாள். இலை நுனி இடது பக்கம் வந்தது. விஜயகுமாரிக்கு ஒரு நிமிஷம் மூச்சு வந்தது. சாதம் இன்னமும் அந்தாண்டதான் இருந்தது, அதைக்கூடப் பொறுக்கலாம். ஆனால் நெய் ஊற்றிய கை இப்போது இடது கையாகிவிட்டது. கல்யாணப் பந்தியில் இடது கையால் பரிமாறுகிற படம்! இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

சீதாராமனை வரவழைத்தாள். அவர் நம்பவில்லை. "சரியாத்தானேம்மா இருக்கு?" என்றார். அவள் நாற்காலி போட்டு அவரை உட்காரவைத்து, அச்சடித்த தாளை எதிரில் இலை மாதிரி வைத்து, "சாதத்துல கை வைங்க" என்றாள். அவர் கை நீண்டது. பச்சடியைத் தாண்டி, கூட்டைத் தாண்டி, பாதியில் நின்றது. அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "அடராமா, நாப்பது வருஷம்!" என்று எழுந்தார். அப்புறம் அந்த மனிதர் ஒரு நிமிஷம் வீணாக்கவில்லை. "இன்னிக்கு ஒரு நிச்சயதார்த்தச் சமையல் நடந்துண்டிருக்கு. அதுலேர்ந்து எல்லாம் சூடா அனுப்பறேன். நான் போய் அச்சாபீஸ் வாசல்ல உட்கார்ந்துக்கறேன், ரெண்டு மணி வரைக்கும் அவனை மிஷினைத் தொட விடமாட்டேன். நீங்க எடுத்து அனுப்புங்கோ."

நீங்க எடுத்து அனுப்புங்கோ. யார் எடுப்பது? அனுபமா தரையைப் பார்த்தாள். அலமாரியில் இர்பானின் பழைய கேமரா இருந்தது. தொட்டால் அவன் கோபிப்பான், தொடாவிட்டால் அவன் பேர் தெருமுனையில் தொங்கும். விஜயகுமாரி அலமாரியைத் திறந்தாள். தலைக்கு மேலே வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன.

அவள் போன் செய்ததும், மோண்டா மார்க்கெட்டிலிருந்து நுனி இலை வாங்கிக்கொண்டு ஜெகதீஸ்வரன் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். மேஜையைச் சுவரிலிருந்து இழுத்து நடுவில் போட்டார்கள். சாப்பிடுகிறவர் உட்காரும் பக்கம் கேமராவை, உட்கார்ந்தவர் கண் உயரத்துக்கு நிறுத்தினாள். ஜன்னல் வெளிச்சம் இலைக்குப் பின்பக்கத்திலிருந்து சாய்வாக விழ, இந்தப் பக்கம் அனுபமா தெர்மோகோல் அட்டையைப் பிடித்தாள். கேமராவில் வெளிச்சம் நுழையும் துவாரத்துக்கு ஒரு எண் உண்டு, எண் கூடினால் துவாரம் சுருங்கும்; அதை எட்டில் வைப்பான், பார்த்திருக்கிறாள். எந்தத் திருகை எந்தப் பக்கம் திருகுவான் என்பதும் தெரியும். பஞ்சு உருண்டைக்கும் பல்குச்சிக்கும் நேரமில்லை. கேரியரில் வந்தது வந்தபடி, ஆவி பறக்கப் பரிமாறினாள்.

இப்போது நெய் ஊற்ற ஒரு கை வேண்டும். அனுபமாவின் இரண்டு கையும் அட்டையில்.

"நானா?" என்றார் ஜெகதீஸ்வரன். ஐம்பத்தெட்டு வருஷத்தில் அவர் யாருக்கும் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றியது கிடையாது. கைக்கடிகாரத்தைக் கழற்றச் சொல்லி, நெய்க்கிண்ணத்தைக் கையில் கொடுத்து, எதிர்ப்பக்கம் நிறுத்தினாள். அவர் இலையைப் பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"விஜி, இங்கேருந்து பார்த்தா எல்லாம் தலைகீழா இருக்கே?"

"ஆமா. அங்கேருந்து அப்படித்தான் இருக்கும்."

அவர் கிண்ணத்தைச் சாதத்துக்கு நேரே நீட்டிப் பிடித்தார்.

அவள் குனிந்து கண்ணை வைத்தாள். மூக்குக்கண்ணாடி இடித்தது, கழற்றினால் எல்லாம் மங்கல், மறுபடி மாட்டிக்கொண்டு ஓரமாகப் பார்த்தாள். சின்ன இருட்டுச் சட்டத்துக்குள் இலை விரிந்து கிடந்தது. இடது பக்கம் நுனி. நேர் எதிரே சாதம், கைக்கு எட்டும் தூரத்தில். அதற்கு மேலே வரிசையாக எல்லாம் அவளைப் பார்த்துக்கொண்டு. எத்தனை ஆயிரம் இலை போட்டிருப்பாள்! எல்லோரும் எழுந்த பிறகு, மிஞ்சியதை ஒரு தட்டில் போட்டுக்கொண்டு அடுக்களையில் நின்றபடி சாப்பிட்டே பழக்கம். முழுதாகப் பரிமாறிய இலை உட்கார்ந்தவருக்கு எப்படித் தெரியும் என்பது அவளுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. என்ன அழகு இது, இதையா இத்தனை நாளும் முதுகுப்பக்கமாகப் பார்த்தோம் என்று இருந்தது.

"ஊத்தட்டுமா?"

"மெதுவா. நூல் மாதிரி."

முதல் தடவை நெய் பொரியலில் விழுந்தது. துடைத்துவிட்டு மறுபடி. இரண்டாவது தடவை சாதத்தின் ஓரம் வழிந்தது. மூன்றாவது தடவை நெய் சாதத்தின் உச்சியில் இறங்கி, வெளிச்சம் பட்டுப் பொன்னாக நின்றது. நெய் வாசனை எழும்பியது. அந்த நொடியில் விஜயகுமாரிக்கு அகோரமாகப் பசித்தது. இரண்டு வருஷமாக இந்த ஷெட்டில் எத்தனையோ சாப்பாட்டைப் பார்த்தும் ஒருநாளும் பசித்ததில்லை. இதுதான் என்று தெரிந்து பொத்தானை அமுக்கினாள்.

அனுபமா படத்தை சி.டி.யில் ஏற்றிக்கொண்டு அச்சாபீஸுக்குப் பறந்தாள். ஷெட்டில் இரண்டு பேரும் ஒரு இலையும் மிச்சம். இலையில் எண்ணெய்ப் பூச்சு இல்லை, கிளிசரின் இல்லை, எல்லாம் சாப்பாடு. ஜெகதீஸ்வரன் கேமராவை ஜாக்கிரதையாக நகர்த்திவிட்டு, அது நின்ற இடத்தில் நாற்காலியைப் போட்டார். "உட்காரு" என்றார். அவர் ஊற்றிய சாம்பார் பாதி பாயசத்தில் ஓடியது, ரசம் மேஜையெல்லாம் வழிந்தது. அப்படியும் அவள் முழு இலையும் சாப்பிட்டாள்.

சாயங்காலம் இர்பானுக்குப் போன் கிடைத்ததும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். தன் தவறு, அலமாரி, கேமரா, எல்லாம். "கல் ஆவ்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான். நாளைக்கு வா என்றால் வேலையை விட்டு நிறுத்தவும் இருக்கலாம்.

மறுநாள் அவள் போனபோது படத்தைத் திரையில் பெரிதாக்கி வைத்திருந்தான். அச்சாகி முடிந்த படம், இனி மாற்ற முடியாது. மூலை மூலையாக நகர்த்திப் பார்த்தான். குப்பைக் கூடையையும் எட்டிப் பார்த்தான். வெறும் இலை மட்டும் மடித்துக் கிடந்தது.

"கானா கஹான் கயா?" என்று கேட்டான். சாப்பாடு எங்கே போயிற்று?

"நான் சாப்பிட்டுட்டேன்."

இர்பான் தலையை ஆட்டினான். திரையில் அப்பளத்தின் மேல் விரலை வைத்தான். பின்னால் இருக்கும் அப்பளம் மங்கிப்போயிருக்கிறது, நெய்க்கிண்ணத்தின் நிழல் பச்சடியில் விழுந்து கெடுக்கிறது என்று வரிசையாகக் குற்றம் சொன்னான். தன் படங்களைப் பார்த்துத் தன்னையே திட்டிக்கொள்வானே, அதே கடுப்பு, அதே குரல். வேறு யார் வேலையையும் அவன் அப்படித் திட்டி அவள் கேட்டதில்லை.

"அக்லி பார் பதினொண்ணு வைங்க ஆன்ட்டி, எட்டு நக்கோ" என்றான், அவளிடமிருந்து ஒட்டிக்கொண்ட அரைத் தமிழில்.

அக்லி பார் என்றால் அடுத்த தடவை. விஜயகுமாரிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் அதற்குள் கேள்வி முந்திக்கொண்டது.

"பதினொண்ணு வச்சா துவாரம் சுருங்கி வெளிச்சம் பத்தாதே, அப்ப என்ன பண்ணணும்?"

இர்பான் கேமராவை முக்காலியோடு அவள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, "தேகோ" என்றான்.